கை தட்டினால்

பூரிச்சுப் போகாதீங்க மேடம். என் பொண்ணு உங்களுக்காகக் கை தட்டல. பைய கீழ வச்சிட்டு உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது அவளோடது. ஆமா, ஏழு வயசுப் பிள்ளைக்கும் சொந்தமா ஒரு நாற்காலி உண்டு. என் இடம் என் உரிமைன்னு உங்க சென்டர் வாசல்லயே எவ்வளவு பெரிய போஸ்டர்! அவளுக்குப் படிக்கத் தெரியாதுங்கற தைரியம்.

கையெழுத்துக்குத்தானே வந்தீங்க? போன வருஷம் இவளுக்குப் போட்ட பயிற்சித் திட்டத்தையே ஜெராக்ஸ் எடுத்து, தேதிய மட்டும் மாத்தியிருப்பீங்க. எங்க, காட்டுங்க... பாத்தீங்களா, வயசு ஆறுன்னே இருக்கு. பிள்ளைய நடுவுல வச்சுத் திட்டம் போடறோம்னு அன்னைக்கு மீட்டிங்ல என்னமா பேசினீங்க! நடுவுலதான் வச்சீங்க. சுத்தி உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் பேசினீங்க.

நீங்க அனுப்பின ஊஞ்சல் வீடியோ மூணும் என் போன்ல இருக்கு. டீச்சர் தள்றாங்க, இவ தட்டறா. ஐ, குட்டிக்குப் பிடிச்சிருக்குன்னு இன்னும் உயரத் தள்றாங்க. இவ இன்னும் வேகமாத் தட்டறா. பின்னாடி உங்க சிரிப்புகூடக் கேக்குது மேடம். அந்த மூணு நாளும் பிள்ளை ஒண்ணுக்குப் போயி உடுப்பு நனைஞ்சுதான் வீட்டுக்கு வந்தா. நோட்டுல என்ன எழுதி அனுப்பினீங்க? அதிக உற்சாகம். அடேயப்பா!

அது உற்சாகம் இல்லன்னு யாரு சொன்னதுன்னா கேக்கறீங்க? உங்க டாக்டரும் இல்ல, தெரபிஸ்டும் இல்ல. வேன் டிரைவர். எந்தப் பயிற்சிக்கும் நீங்க கூப்பிடாத மனுஷன். போன வாரம் சாதாரணமாச் சொல்றார், பாப்பா தட்டினா நான் கண்ணாடிய ஏத்திடுவேம்மா, ஹாரன் சத்தம் அவளுக்கு ஆகாது, ஏத்தினதும் நிறுத்திடுவான்னு. சொல்லிட்டு அவர் பாட்டுக்கு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டார். நான் உள்ள வந்து அந்த மூணு வீடியோவையும் திரும்பப் போட்டுப் பாத்தேன்.

அது கைதட்டல் இல்ல மேடம். வேண்டாம்னு சொல்றா. அவகிட்ட இருக்கற ஒரே வார்த்தை அது. ஒரு வருஷமா அதையே சொல்லிச் சொல்லிப் பாத்திருக்கா. நீங்க தள்ளிக்கிட்டே இருந்திருக்கீங்க.

என்ன? திட்டத்துல அப்படித்தான் எழுதியிருக்கா? இருக்கே, நாலாம் பக்கம். சந்தோஷமாக இருந்தால் நான் கை தட்டுவேன். நான்னு போட்டு, என்னவோ அவளே வாயத் திறந்து சொன்ன மாதிரி. அந்த வரிய அடிக்காம கையெழுத்து கிடையாது. இனிமே ஊஞ்சலும் கிடையாது.

யாரு எழுதினதுன்னு யாரையும் விசாரிக்க வேண்டாம், போன வைங்க. அந்த எழுத்த நல்லாப் பாருங்க. கொஞ்சம் சாஞ்சு, ஒரே அளவா, அழகா. ஸ்கூல்ல சிஸ்டர் விரல்லயே அடி போட்டுப் பழக்கினது. என் எழுத்துதான். உங்க பொண்ணு சந்தோஷத்த எப்படிக் காட்டுவான்னு பேனாவ நீட்டினீங்க. எனக்குத் தெரியல. பெத்தவ, தெரியலன்னு எப்படி எழுதுவேன்?

பேனா குடுங்க. நானே அடிக்கறேன்.

இன்னும் தட்டிக்கிட்டுதான் இருக்கா, பாருங்க. நீங்க வந்தது வேண்டாம்னு தட்டறான்னு நெனச்சேன். நீங்க மெதுவாத்தான் பேசறீங்க மேடம். கத்தறது நான்தான்.