முதல் கூடை விழும்வரை

கையில் மணியையும் கண்ணில் கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தலைவி மார்வா யான்சன் அம்மையார் அவர்களே! பனிக்கும் அஞ்சாமல், பனியைவிடக் கொடிய தோல்விக்கும் அஞ்சாமல், ஹாஸ்கெல் கிரீக் கல்லூரியின் கூடைப்பந்து அணியை இத்தனை காலம் தோளில் தாங்கிய மூத்தோரே! இதோ, இந்தக் கூடத்தின் சமையலறையில் பீன்ஸ் குழம்பு கிளறிக்கொண்டும், பட்டைத்தூள் தூவிய ரொட்டிச் சுருளைச் சூடு பண்ணிக்கொண்டும், ஒரு காதை என் பக்கம் வைத்திருக்கும் தாய்மார்களே! எங்கோ பெரிய நகரத்திலிருந்து நம்மைத் திருத்துவதற்காக வந்திருக்கும் விளையாட்டுத் துறைப் புதிய இயக்குநர் அவர்களே! என்னை இந்த மேடையில் ஏற்றவே கூடாது என்று சொன்ன ரசிகர் மன்ற நிர்வாகக் குழு நண்பர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த வெர்லின் க்ராட்கியின் பணிவான, ஆனால் வளையாத வணக்கம்.

ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். அரை நூற்றாண்டு ஆதங்கத்துக்கு ஐந்து நிமிடம்! பரவாயில்லை. நம் அணி ஐந்து நிமிடத்தில் ஒரு கூடைகூடப் போடாமல் நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். அதைப் பார்த்த கண்களுக்கு இந்தக் கிழவனின் ஐந்து நிமிடம் கடினமாக இருக்காது.

(சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிக்க நமக்கு இந்த ஆண்டு வேறு என்ன கிடைத்தது?)

நண்பர்களே, சாப்பாட்டுக்கு முன்னால் உங்களைக் கை தூக்கச் சொல்லப்போகிறார்கள். தீர்மானம் இதுதான்: ஆட்டம் தொடங்கும்போது எழுந்து நிற்கும் வழக்கத்தை இனி இந்த மன்றமே கைவிடுகிறது. கல்லூரி நம்மைத் தடுக்கவில்லை, கவனியுங்கள். நாமே நம் வாயால் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமாம்.

புதியவரான இயக்குநருக்காகச் சொல்கிறேன். இது என்ன வழக்கம்? நடுவர் பந்தை மேலே எறியும்போது நாம் எழுவோம். கைதட்டியபடி நிற்போம். நம் அணி தன் முதல் கூடையைப் போடும்வரை நிற்போம். எதிரணி எத்தனை போட்டாலும் நிற்போம். நம் பந்து விழுந்தால் நாம் அமர்வோம். அவ்வளவுதான் ஐயா சட்டம். இதை எழுதி வைத்தவர் யாரும் இல்லை. பச்சைச் சட்டை போட்ட நம் பிள்ளைகளிடம், "நீ தொடங்கும்வரை நான் ஓய மாட்டேன்" என்று ஓர் ஊர் சொல்கிற வார்த்தை அது. நான் கல்லூரிப் படிக்கட்டில் ஏறியது பந்தாட்டம் பார்க்க மட்டுமே. வகுப்பறை எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அரங்கில் நிற்கும்போது நானும் அந்தக் கல்லூரிக்காரன்!

அந்த அரங்கம் இன்று எங்கே? அதே செங்கல் இருக்கிறது, அதே கூரை இருக்கிறது. வாசலில் மட்டும் ஒரு வங்கியின் பெயர் மின்னுகிறது. கீழ்வரிசை மரப்பெஞ்சுகளைப் பிடுங்கிவிட்டு மெத்தை நாற்காலி போட்டார்கள். நன்கொடையாளர்கள் பானக் கோப்பை வைக்கக் கைப்பிடியில் குழி செய்தார்கள். தொண்டை கிழியக் கத்தும் மாணவர்களைத் தூக்கிக் கூரையடி மூலையில் வைத்தார்கள். கத்த ஆள் இல்லாமல் போனது. போனதும் என்ன செய்தார்கள்? பெரிய திரையை மாட்டி, "சத்தம் போடுங்கள்" என்று எழுதிக் காட்டினார்கள்! நமக்கா? நமக்கா எழுதிக் காட்ட வேண்டும்?

யார் அது? கென்ட்டா? என்ன சொல்கிறாய், சத்தமாகச் சொல். முட்டி வலியா? உனக்கு முட்டி வலித்தால் உட்கார்ந்துகொள், கென்ட். நோயாளியை நிற்கச் சொல்லும் ஊர் அல்ல இது. ஆனால் கோடையில் கோல்ஃப் மைதானத்தில் உன்னைப் பார்க்கிறேனே, அங்கே அந்த முட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டா வருகிறாய்?

நாற்காலியைக்கூட மன்னிப்பேன். ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் விதத்தை எப்படி மன்னிப்பேன்? நம் பயிற்சியாளர் பிரைஸ் கால்டர், கல்லூரிவிட்டுக் கல்லூரி மாறும் ஆட்டக்காரர்களின் சந்தையில் கணினித் திரையைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிடிக்கிறார். இலை உதிரும்போது வருகிறார்கள், இலை துளிர்க்கும்போது போகிறார்கள். அந்தப் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். யாரும் சொல்லக் கூடாது. செர்பியாவிலிருந்து வந்தானே ஒரு நெட்டைப் பையன், நெமன்யா, அவன் ஒருநாள் மளிகைக் கடையில் முட்டை வாங்கும்போது என்னிடம் கேட்டான்:

"தாத்தா, இந்த ஊர்ல ஆட்டம் ஆரம்பிக்கும்போது எல்லாரும் ஏன் நிக்கிறீங்க? நாற்காலி பத்தலையா?"

"உங்க கோச் உனக்குச் சொல்லலையாப்பா?"

"இல்லையே. எங்க மேல கோபமா இருக்கீங்கன்னு நெனச்சேன்."

கேட்டீர்களா? கோபமாம்! அன்பைக் கோபம் என்று நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை நம் தரையில் ஓடியிருக்கிறான். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் கிடைக்கவில்லை நம் பயிற்சியாளருக்கு. நான் முட்டைப் பெட்டியோடு நின்று முழுக் கதையையும் சொன்னேன்.

அடுத்து, கோல்பி ஸ்வொபோடா.

பெயரைச் சொன்னதும் கூடம் அடங்கிவிட்டது பார்த்தீர்களா? பள்ளிப் பேருந்து ஓட்டும் லானெட்டின் மகன். பக்கத்து ஊர்ப் பண்ணைவீட்டில் வளர்ந்தவன். சின்ன வயதில் என் பக்கத்துப் பெஞ்சின்மேல் ஏறி நின்று கை தட்டியவன். நம் அரங்கின் கோடைப் பயிற்சி முகாமில் மூலையிலிருந்து எறியக் கற்றவன். பள்ளிப் படிப்பு முடியும் ஆண்டில் அவனுக்கு ஒரே ஆசைதான்: பச்சைச் சட்டை.

திங்கள்தோறும் நண்பகலில் நெடுஞ்சாலை உணவகத்தில் நம் பயிற்சியாளர் வானொலிக்காரரோடு உட்கார்ந்து ரசிகர்களின் கேள்விக்குப் பதில் சொல்வார் அல்லவா? நான் போனேன். ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

"கோச், பக்கத்து ஊர்ல கோல்பி ஸ்வொபோடான்னு ஒரு பையன். பாத்தீங்களா?"

"காணொளி பாத்தோம் பெரியவரே. நல்ல பையன். ஆனா நம்ம ஆட்டத் திட்டத்துக்குள்ள வரமாட்டான்."

"நேர்ல போய்ப் பாத்தீங்களா? அவங்க வீட்டுல ஒரு காபி குடிச்சீங்களா?"

"நேரம் எங்க இருக்கு? திட்டத்தை நம்புங்க பெரியவரே."

"பையன் உள்ள வரலைன்னா திட்டத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்களேன்."

சிரிப்பு அடங்குமுன் வானொலிக்காரர், "அன்பர்களே, இப்போ விதைச்சோள விளம்பரம் ஒண்ணு கேப்போம்" என்று என் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டார்.

திட்டம்! தோற்றாலும் திட்டம், துவண்டாலும் திட்டம், தொலைக்காட்சி முன்னால் தலை குனிந்தாலும் திட்டம்! அந்தத் திட்டத்தில் ஒரு தொலைபேசி அழைப்புக்கு இடமில்லை. டன்மோர் கல்லூரிப் பயிற்சியாளர் பனிப்புயலில் வண்டி ஓட்டி வந்து லானெட்டின் சமையலறை மேசையில் உட்கார்ந்து பன்றித் தொடைக்கறி சாப்பிட்டார். கோல்பி டன்மோருக்குப் போனான். பச்சைச் சட்டைக்கு ஆசைப்பட்டவன் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டான்.

இனி, பிப்ரவரியில் டன்மோர் அணி நம் அரங்குக்கு வந்த அந்த மாலை. இந்தத் தீர்மானத்தைப் பெற்றெடுத்த மாலை.

லானெட் வந்தாள். மகன் சிவப்பு, தாய் பச்சை. வழக்கமான அதே கம்பளிச் சட்டை, எனக்கு இரண்டு வரிசை பின்னால் அதே இடம். நான் கேட்டேன்:

"என்னம்மா லானெட், இன்னிக்கு எந்தப் பக்கம்?"

"மகனுக்குக் கை தட்டுவேன், நம்ம அணிக்காக நிப்பேன். எனக்குக் கையும் இருக்கு, காலும் இருக்கில்ல அண்ணே?"

பந்து எழுந்தது. நாம் எழுந்தோம். டன்மோர் போட்டது. நாம் தவறவிட்டோம். டன்மோர் மறுபடி போட்டது. நம் பந்து வளையத்தைச் சுற்றியது, வெளியே விழுந்தது. கை சிவக்கத் தட்டினோம். கால் கடுக்க நின்றோம். அப்போது கோல்பியை ஆட்டத்துக்குள் இறக்கினார்கள். அவன் நேராக அந்த மூலைக்கு ஓடினான், நம் முகாமில் கற்றுக்கொண்ட அதே மூலைக்கு. பந்து அவன் கைக்கு வந்தது. எறிந்தான்.

விழுந்தது.

அரங்கம் அதிர்ந்தது. அதிர்ந்த அரங்கம் அப்படியே உட்கார்ந்தது!

ஆம், உட்கார்ந்தீர்கள்! நீங்கள், நீங்கள், முன்வரிசையில் இருக்கும் நீங்களும்தான்! நம் பிள்ளை எறிந்தான், பந்து விழுந்தது, அமர்ந்துவிட்டோம். சட்டையின் நிறத்தைக் கண் பார்க்கவில்லை. எந்த ஊரில் நடக்கும் இந்தப் பிழை? எதிரி போட்ட கூடைக்கு எந்த ஊர் உட்காரும்? உட்கார்ந்த பிறகல்லவா புள்ளிப் பலகையைப் பார்த்தீர்கள். நம் பெயருக்கு நேராக இருந்தது வெறும் சுழியம்.

கால்டர் திரும்பி நம்மைப் பார்த்தார். அடுத்த நாள் பத்திரிகையாளர்களிடம் சொன்னார், "சொந்த ஊர் ரசிகர்களே என் ஆட்டக்காரர்களை அவமானப்படுத்திவிட்டார்கள்" என்று. மெத்தை நாற்காலிக்காரர்கள் தலையாட்டினார்கள். தீர்மானம் பிறந்தது.

அவமானம்தான் ஐயா! யார் செய்த அவமானம்? நம்மோடு கலந்து நிற்க வேண்டிய பிள்ளையை நமக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியது யார்? உட்கார்ந்தது தவறு. தவறுதான், உங்களுக்காக நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஆனால் அந்தத் தவறில் ஒரு கேள்வி இருந்தது. "எங்கள் பிள்ளைகள் எங்கே?" என்ற கேள்வி. கேள்விக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் கேட்டவரின் வழக்கத்தையே ஒழிக்கப் பார்க்கிறார்கள்.

நான் உட்காரவில்லை. என் மனைவி டோரீன் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருய்யா, ஊரே பாக்குது!"

"ஊர் என்னைப் பாக்க வேண்டாம், பலகையைப் பாக்கச் சொல்லு. நம்ம அணி இன்னும் ஒண்ணும் போடல."

பின்னாலிருந்து ஒருவர், "யோவ் பெருசு, மறைக்குதுய்யா!" என்றார். நல்லதாக நான்கு வார்த்தை சொல்லலாம் என்று திரும்பினேன். அங்கே லானெட் நின்றுகொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். கை மட்டும் தட்டிக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, உன் பையன்தானே போட்டான்?"

"என் பையன் போட்டுட்டான் அண்ணே. நம்ம அணி இன்னும் போடலையே."

தாய்மார்களே! பெற்றவள் நின்றாள்! தன் மகன் போட்ட கூடைக்குத் தாயே உட்காரவில்லை! அவள் மகனை வேண்டாம் என்ற அணிக்காக அவள் நின்றாள்! அவன் காத்திருந்த தொலைபேசி அழைப்பைச் செய்யாத கல்லூரிக்காக நின்றாள்! விசுவாசம் என்றால் என்ன என்று கேட்கிறாரே இயக்குநர், தம் சுற்றறிக்கையில் அச்சடித்து அனுப்புகிறாரே, அது என்ன நிறம் என்று நான் அன்று பார்த்தேன். அது பழைய பச்சைக் கம்பளிச் சட்டை போட்டிருந்தது!

அத்தனை பெரிய அரங்கில் நாங்கள் இரண்டு பேர் நின்றோம். வெகுநேரம் கழித்து நெமன்யா ஒரு கூடை போட்டான். போட்டதும் அவன் ஓடவில்லை. தலையைத் தூக்கி எங்களைத் தேடினான். நாங்கள் உட்கார்ந்தோம். அவன் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தான். அந்த ஆட்டத்தில் நமக்குக் கிடைத்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். படுதோல்வி. வசந்தத்தில் நெமன்யாவும் வேறு கல்லூரிக்குப் போய்விட்டான். போகும் முன் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "இப்பதான் தாத்தா இந்த ஊர் புரிய ஆரம்பிச்சுது" என்றான். எங்களுக்கே புரியாமல் போகப்போகிறது, தம்பி, என்று நினைத்துக்கொண்டேன்.

நண்பர்களே, எனக்கு நம்பிக்கை இல்லை. பொய் சொல்லி உங்கள் கைதட்டலை வாங்க விருப்பமில்லை. கால்டருக்கு ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள். வரும் நவம்பரில் ஆட்டங்கள் தொடங்கும்போதும் தெரியாத முகங்களே வரும். கூரையடியில் மாணவர்கள் கைப்பேசியைப் பார்ப்பார்கள். இந்தத் தீர்மானம் வெல்லும். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. பாதிப் பேருக்குக் குழம்பு நினைவு, மீதிப் பேருக்கு முட்டி நினைவு.

ஆனால் கை தூக்கும் முன் ஒன்றை நினையுங்கள். தோற்கும் அணிக்காக நிற்பதுதான் நிற்பது. வெல்லும் அணிக்காக யார்தான் நிற்க மாட்டார்கள்? நாம் உட்கார்ந்துவிட்டால், அடுத்து வரும் நெமன்யா யாரைப் பார்த்துக் கேட்பான், ஏன் நிற்கிறீர்கள் என்று?

மணி அடிக்கிறது. கேட்கிறது, மார்வா அம்மா, காது இன்னும் நன்றாகவே இருக்கிறது. உட்காரச் சொல்கிறீர்கள். தலைவியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன்தான் நான். அதற்கு முன் ஒரே ஒரு சந்தேகம். சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு நிற்பது யார்? லானெட்டா? ஏம்மா, நீ இந்தத் தீர்மானத்தை எதிர்த்து நிற்கிறாயா, பரிமாற நிற்கிறாயா?

"ரெண்டுக்கும்தான் அண்ணே! சீக்கிரம் முடிங்க, குழம்பு ஆறிப்போகுது!"

கேட்டீர்களா? எதிர்ப்பு இரண்டு வாக்கு. எழுதிக்கொள்ளுங்கள், நிர்வாகக் குழுவினரே.

கை தூக்குகிறவர்கள் தூக்கலாம். நவம்பரில் நடுவர் பந்தை எறியும்போது நான் எழுவேன். பின்னால் இரண்டாம் வரிசையில் அவள் எழுவாள். மறைக்கிறது என்று யார் கத்தினாலும், திரை என்ன எழுதிக் காட்டினாலும், பச்சைச் சட்டைக்குள் இருப்பவன் எந்த நாட்டுப் பிள்ளையானாலும், அவன் பந்து விழும்வரை நிற்போம். விழாமலே போனால், ஆட்டம் முடிந்து விளக்கை அணைக்க வருகிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கடைசியில் நின்றவர்கள் யார் என்று.

பொறுத்துக் கேட்ட பெரியோருக்கும், பொறுக்காமல் கேட்ட கென்ட்டுக்கும், ஆறிய குழம்பை மறுபடி சூடாக்கப்போகும் தாய்மார்களுக்கும் என் நன்றி. உங்கள் எல்லோருக்கும், நின்றபடியே, என் வணக்கம்.