பதினேழு படிவங்களும் ஒரு வால்வும்

முப்பத்து நான்கு ஆண்டுகள் கொதிகலன் ஆய்வுப் பிரிவில் கடமையே கண்ணாகக் கழித்து, இன்று பிற்பகலோடு பணி நிறைவு பெறும் ஆய்வாளர் அம்மையீர்! நெருப்புக்கும் நீருக்கும் நடுவே நின்று, முகம் அறியாத தொழிலாளரின் மூச்சைக் காக்க முயன்ற உறுதியின் உருவே! வணக்கம்.

தங்களுக்குப் புகழ்மொழி பிடிக்காது. ஆகவே தங்களைச் சற்றே அமர்ந்திருக்கச் சொல்லிவிட்டு, தங்களுக்கு நேர்ந்ததை இந்த அவைக்குச் சொல்கிறோம்.

அம்மையார் பணியில் சேர்ந்தபோது ஒரு கொதிகலனுக்குப் பதினேழு படிவங்கள். பெயர்ப்பலகை எழுத்து எத்தனை அங்குலம், கதவுக்கு என்ன வண்ணம், தீயணைக்க வாளிகள் எத்தனை என்று கேட்பவை பதினாறு. உயிரோடு தொடர்புடையது ஒன்றே ஒன்று: ஆண்டுக்கொரு முறை ஆய்வாளர் நேரில் போய், அழுத்தம் மிஞ்சும்போது நீராவியை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு தானாகத் திறக்கிறதா என்று பார்ப்பது.

அவருடைய தம்பி ஒரு சலவை நிலையம் தொடங்கினார். சிவப்பாக இருக்கவேண்டிய கதவு பச்சையாக இருந்ததால் உரிமம் நான்கு மாதம் இழுபட்டது. அக்காவிடம் வந்து பொரிந்து தள்ளினார்.

“இந்த ஆபீஸே எதுக்குக்கா? என் கொதிகலன் வெடிச்சா முதல்ல சாகப்போறது நான்தானே? எனக்கு இல்லாத அக்கறையா உங்களுக்கு? அரசாங்கம்னு ஒண்ணு இல்லேன்னா அவனவன் வேலையை அவனவன் ஒழுங்கா பார்த்துப்பான்.”

“கதவு விஷயத்துல நீ சொல்றது நியாயம்டா. வால்வு விஷயத்துல இல்ல” என்றார் அம்மையார்.

மறுவாரமே தலைமையகத்துக்கு எழுதினார்: பதினாறு படிவங்களை நீக்குங்கள், நேரடி ஆய்வை மட்டும் விட்டுவையுங்கள் என்று. ஆறு ஆண்டுகள் அந்தக் கடிதம் ஊறப்போடப்பட்டது. பிறகு சீர்திருத்தம் வந்தது. நேரடி ஆய்வு ஒழிந்தது. உரிமையாளர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் போதும் என்றானது. பதினாறு படிவங்களும் ஒரு வரி குறையாமல் நிலைத்தன. அழைப்பில்லாமல் ஆய்வாளர் எங்கும் நுழையக்கூடாது என்றும் ஆணை வந்தது. அலைச்சல் மிச்சம் என்று நாங்கள் மகிழ்ந்தோம்.

சீர்திருத்தம் வந்த மூன்றாம் ஆண்டு ஒருநாள் அவர் தம்பியின் சலவை நிலையத்துக்குப் போனார். வால்வு அடிக்கடி திறந்து வேலை தடைப்படுகிறது என்று, அதைக் கம்பியால் இறுகக் கட்டிவைத்திருந்தார் தம்பி.

“அவுத்துடுடா.”

“கையில இருக்கிற வேலை முடியட்டும்க்கா. நீ ஆய்வாளரா வந்திருக்கியா, அக்காவா வந்திருக்கியா?”

“அக்காவாத்தான்.”

“அப்ப டீ குடிச்சிட்டுக் கிளம்பு.”

கொதிகலனுக்குப் பக்கத்தில் ஒரு பெண் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். அவரைக் கடந்துதான் அம்மையார் வெளியே வந்தார். அலுவலகம் திரும்பி, கண்டதை எழுதிக் கொடுத்தார். “அனுமதியில்லாம போனதே தப்பும்மா. காகிதத்துல எல்லாம் சரியாத்தானே இருக்கு?” என்று மேலதிகாரி தாளைத் திருப்பித் தந்தார்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் அந்தக் கொதிகலன் வெடித்தது. துணி மடித்த பெண் அங்கேயே இறந்தார். முன்கூடத்தில் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்த தம்பிக்கு ஒரு கீறலும் இல்லை.

விசாரணையில் மேலதிகாரி கோப்பைத் திறந்துகாட்டினார். எழுத்தின் உயரம் சரி, கதவின் வண்ணம் சரி, வாளிகளின் எண்ணிக்கை சரி. வால்வைப் பற்றி முன்பே தெரியுமா என்று எங்களைக் கேட்டார்கள், தெரிந்தும் தெரியாது என்றோம். அம்மையார் எழுந்தார்.

“கம்பி கட்டியிருந்ததை நான் பார்த்தேன். எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கல. ஆனா பக்கத்துல நின்ன பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுக்கு யார் அனுமதியும் வேண்டியதில்ல. தம்பியாச்சேன்னு சொல்லாம வந்துட்டேன்.”

தம்பி சிறைக்குப் போனார். அக்கா பெயர்ப்பலகை வேலைக்கு மாற்றப்பட்டு, பதினோரு ஆண்டுகள் அளவுகோலால் எழுத்துகளை அளந்தார். விடுமுறை நாள்களில் ஆலை வாசல்களில் நின்று, வேலை முடிந்து வருவோரிடம் வால்வைப் பற்றிச் சொன்னார். அதற்காக இருமுறை விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

விடுதலையான தம்பி சென்ற ஆண்டு அவர் வீட்டுக்கு வந்தார். “பார்த்தியா, கடைசில அரசாங்கம் இல்லாமத்தானே நீயும் உயிரைக் காப்பாத்துற?” என்றார்.

“நான் சொல்றேன், அவங்க கேட்டுக்கறாங்க. முதலாளி நிறுத்தமாட்டேன்னா என்னடா பண்ணுவாங்க? வேலையை விட்டா அவங்க வீட்டுல அடுப்பு எரியாது. நிறுத்துன்னு சொல்லி நிறுத்த வைக்க ஒரு கை வேணும். அந்தக் கைக்குக் கதவோட கலர்ல என்ன வேலை?”

தம்பி எழுந்து போனார். பிறகு வரவில்லை.

அம்மையீர், தாங்கள் கேட்ட அந்த ஒற்றை ஆய்வு இன்னும் திரும்பவில்லை. தங்கள் பதவியும் இன்றோடு நீக்கப்படுகிறது. தங்களை வாழ்த்தும் தகுதி எங்களுக்கு உண்டா என்று ஐயுறுகிறோம். ஆயினும் நோயின்றி, நொடியின்றி, நெடுங்காலம் தாங்கள் நிறைவோடு வாழ வேண்டுமென நெஞ்சார விழைகிறோம். விசாரணையைப் பற்றிய பகுதியை எடுத்துவிட்டால் ஒப்பமிடுவதாகச் சிலர் சொன்னார்கள். எடுக்கவில்லை.

இங்ஙனம்,
இருபத்து மூவர் பணிபுரியும் கொதிகலன் ஆய்வுப் பிரிவில்
ஒப்பமிட்ட ஒன்பது பேர்