இறந்து நாற்பதாம் நாள், டிரம்ஸ்காரியின் ஏற்புரை

இந்த நாற்பதாம் நாள் நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, இதே மேடையில் என் மறைவுக்காகக் கைக்குட்டை நனைய அழுது, இன்று அதே கைக்குட்டையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்கும் நகர மன்றத் தலைவர் மிலுடின் அவர்களே! எங்கள் ஆத்மாக்களுக்காக மெழுகுவத்தி ஏற்றி, நாங்கள் உயிரோடு எழுந்து வந்ததும் அதை ஊதி அணைப்பதா விடுவதா என்று விழித்து நின்ற பாதிரியார் அவர்களே! க்ருஷ்கோவோ நகரத்தின் சுவரெல்லாம், கம்பமெல்லாம், கதவெல்லாம் பசை தடவிப் பழகிய கைக்குச் சொந்தக்காரர், அண்ணன் ஷிவோயின் அவர்களே! துக்கத்துக்காகக் கறுப்பு உடுத்தி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! துக்கம் இல்லாமலே கறுப்பு உடுத்தும் எங்கள் ரசிகப் பெருமக்களே! ஏழு பேர் இருந்தீர்களே, கையைத் தூக்குங்கள். ஆறுதான் தெரிகிறது. பரவாயில்லை. வியன்னாவிலிருந்து பேருந்தில் வந்து என் கன்னத்தில் ஓங்கி அறைந்த என்னைப் பெற்ற தாயே! உங்கள் எல்லோருக்கும், செத்தும் சாகாத ராடோய்காவின் பணிவான வணக்கம்.

என்ன? சத்தமாகப் பேச வேண்டுமா? கேட்டீர்களா தலைவர் அவர்களே! இந்த ஊர் முதல் முறையாக என்னைப் பார்த்து, இன்னும் சத்தம் போடு என்கிறது. இதைக் கேட்கவாவது நான் ஒரு முறை செத்தது நல்லதாயிற்று.

உயிரோடு இருப்பவர்களுக்கு எதற்கு நாற்பதாம் நாள் என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் விருந்து நடத்தச் சபை கூடி முடிவெடுத்துவிட்டது. ரத்து செய்ய வேண்டுமானால் மறுபடி சபை கூட வேண்டும். அதற்குள் ஆட்டை அறுத்துவிட்டார்கள். கோதுமை வெந்து, சர்க்கரை சேர்ந்து, அதோ தட்டில் காத்திருக்கிறது. என் ஆத்ம சாந்திக்காகச் செய்த கோதுமையில் நானே இரண்டு கரண்டி தின்றேன். அருமையாக இருந்தது.

அன்பர்களே! எங்கள் மெட்டல் இசைக்குழுவை உங்களுக்குத் தெரியும். பகலில் நான் உங்கள் தபால்காரி. மாலையில் இந்த மண்டபத்துக்கு அடியில், நிலவறையில், டிரம்ஸ் அடிக்கிறவள். பாடுகிறவன் டிஹோமிர். மருந்துக்கடையில், “மாத்திரைய சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கம்மா” என்று பூனை மாதிரிப் பேசுகிற அதே டிஹோமிர்தான், மைக்கைப் பிடித்தால் ஊர் நாய்கள் சங்கிலியை அறுக்கும். கிட்டார்கள் இரண்டும் இரட்டையர் கையில். நாங்கள் நால்வரும் ஓராண்டு வியர்த்து ஒரே ஒரு தனிப்பாடல் செய்தோம். அதன் பெயர் ‘துரு’. மூடிக் கிடக்கிறதே நம் திருகாணி ஆலை, அதைப் பற்றிய பாட்டு. உங்களில் பாதிப் பேர் வேலை பார்த்த ஆலை. ஒவ்வொரு தேர்தலுக்கும் நம் தலைவர் திறப்பதாகச் சொல்லி ரிப்பன் வாங்கி வைக்கும் ஆலை. சிரிக்காதீர்கள், அவர் பார்க்கிறார்.

பாட்டு செய்வது எளிதா? கிட்டார் சரியாக விழுந்தால் குரல் சரியாக விழாது. குரல் விழுந்தால் மின்சாரம் போகும். மின்சாரம் இருந்தால் மேலிருந்து இடி விழும். ஆம், இடி! இந்தக் கட்டடத்தின் மேல்மாடியில், ரயில் நிலையத்தில் முப்பது வருடம் வண்டி வருகை அறிவித்து ஓய்வு பெற்ற லேபோசாவா அத்தை இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சூடேற்றும் குழாயும், இந்த மண்டபத்துக் குழாயும், எங்கள் நிலவறைக் குழாயும் ஒன்றே. நாங்கள் ஆரம்பித்தால் அத்தை இரும்புக் கரண்டியை எடுப்பார்கள். டங், டங், டங்! நாங்கள் நிறுத்தினால்தான் அவர்கள் நிறுத்துவார்கள். நாங்கள் நிறுத்துவதில்லை. ஆகவே அவர்களும் நிறுத்தியதில்லை.

நிஷ் நகரத்திலிருந்து ஒலிப்பதிவுக்கு வந்த தம்பி, காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டுக் கேட்டான்: “அக்கா, அந்த இரும்பு அடிக்கிறது யாரு?” நான் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னேன்: “அது மேல் வீட்டு அத்தைடா. எப்படியாவது எடுத்துடு.” அவன் மறுபடி கேட்டான், மறுபடி மறுபடி கேட்டான். கடைசியில் சொன்னான்: “எடுக்கவா? பைத்தியமா உங்களுக்கு? பாட்டுலயே தாளம் தப்பாம இருக்கறது அது ஒண்ணுதான்.”

சரி. பாட்டு ஆயிற்று. வெளியீட்டு விழாவுக்குப் போஸ்டர் வேண்டுமே! ஊரில் இருப்பது ஒரே அச்சகம். அது சாவு நோட்டீஸ் அடிக்கும் அச்சகம். அங்கே கறுப்புக் கட்டம் எப்போதும் தயாராக இருக்கிறது, புதிதாக வரைய வேண்டியதில்லை. டிஹோமிர் அதைப் பார்த்துப் பூரித்துப் போனான். “இதவிட மெட்டலா ஒரு கட்டம் உலகத்துல கெடைக்காது!” என்றான். கட்டத்துக்குள் எங்கள் நான்கு முகங்கள். மெட்டல்காரர்கள் படத்தில் சிரிக்கலாமா? கூடாது. ஆகவே நால்வரும் வானத்தைப் பார்த்து இறுகிய முகத்தோடு நின்றோம். மேலே குழுவின் பெயரை, எங்கள் வழக்கப்படி, முள்வேலி மாதிரி எழுத்தில் போட்டோம். அதை எழுதியவனைத் தவிர யாராலும் படிக்க முடியாது. பாட்டின் பெயரும் அப்படியே. படிக்க முடிந்தது ஒரே வரிதான்: ‘வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி, கலாசார மண்டபம்.’

ஊரில் பசையும் தூரிகையும் வைத்திருப்பவர் யார்? ஷிவோயின் அண்ணன். நான்கு முகத்தைப் பார்த்தார். கறுப்புக் கட்டத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு வெள்ளிக்கிழமை விடிவதற்குள், வாழ்நாளெல்லாம் எப்படி ஒட்டினாரோ அப்படியே ஒட்டினார். தேவாலய வாசலில் ஒன்று, ரொட்டிக் கடையில் ஒன்று, கம்பத்துக்குக் கம்பம் ஒன்று. அப்புறம் முறைப்படி, செத்தவர்கள் வீட்டுக் கதவிலும் ஒவ்வொன்று!

அவ்வளவுதான். ரொட்டிக் கடையில் பேச்சு கிளம்பியது.

“ஐயோ, நாலு பேருமா? எப்படிப்பா?”

“அவங்க வேன்தான். மெக்கானிக் கடையில பாத்தேன், மூக்கு நசுங்கிக் கெடக்கு.”

“அது போன வருஷமே நசுங்கினதுல்ல?”

“இப்ப இன்னும் நசுங்கியிருக்கு.”

“ஒடம்பெல்லாம் எங்க?”

“நிஷ்ல இருக்காம். பெரிய ஆஸ்பத்திரில.”

பிணத்தைப் பார்த்தவர் யார் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லையா? தோன்றியிருக்கும். ஆனால் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டதே! நம் ஊரில் நோட்டீஸ் ஒட்டிய பிறகு சந்தேகப்படுவது மரியாதை இல்லை.

நாங்கள் எங்கே இருந்தோம்? வியாழன் மாலையிலிருந்து நிலவறையில், சிக்னல் எட்டாத இடத்தில், விடிய விடிய வெளியீட்டுக்கு ஒத்திகை பார்த்துவிட்டு, காலையில் அங்கேயே விழுந்து தூங்கிவிட்டோம். வெள்ளிக்கிழமை பிற்பகல், தலைக்கு மேலே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. பத்து நாற்காலி அல்ல, இருபது அல்ல, மண்டபம் முழுக்க! டிஹோமிர் படியேறிக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு ஓடி வந்தான். கண்ணில் தண்ணீர். “ராடோய்கா, ஊரே வந்திருக்கு! எல்லாரும் கறுப்பு டிரஸ்! ஒருத்தர் பாக்கி இல்ல! இத்தன ரசிகர்களா நமக்கு!”

நாங்கள் நால்வரும் கட்டிப்பிடித்து அழுதோம். மேலே நீங்கள் அழுதீர்கள். எங்களுக்காக நீங்கள் அழ, உங்களுக்காக நாங்கள் அழ, இந்த ஊரில் அப்படி ஓர் ஒற்றுமை முன்பும் இருந்ததில்லை, பின்பும் வரப்போவதில்லை!

மேடையில் தலைவர் முழங்கினார், கீழே எங்களுக்குச் சொல் புரியவில்லை, பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டோம். என்ன முழக்கம்! “இவர்களின் இசை என்றும் நம் காதுகளில் ஒலிக்கும்” என்றார். பாட்டை அவர் கேட்டிருந்தாரா? இல்லை. “துரு ஓர் அமர கீதம்” என்றார் பத்திரிகைக்காரர். அவர் கேட்டிருந்தாரா? அவரும் இல்லை. கேளாமலே புகழ்ந்தீர்கள், கேளாமலே உருகினீர்கள், கேளாமலே அமரத்துவம் அளித்தீர்கள்! உச்சகட்டமாகத் தலைவர் அறிவித்தார்: இந்த நிலவறை, இன்று முதல் என்றென்றைக்கும், அந்த நான்கு கலைஞர்களுக்கே சொந்தம். கைதட்டினீர்களா இல்லையா? தட்டினீர்கள். யார் அங்கே தலையை ஆட்டுவது? நீங்களும் தட்டினீர்கள் ஐயா, கீழே எங்களுக்கு மண் உதிர்ந்தது.

பிறகு ஒரு நிமிட மௌனம். எல்லோரும் எழுந்தீர்கள். நாற்காலிச் சத்தம் அடங்கியது. எங்களுக்கு அது எப்படித் தெரிந்தது? ரசிகர்கள் ஆவலோடு காத்திருப்பதாகத் தெரிந்தது. கீழேயே தொடங்கி மேடைக்கு ஏறுவதுதான் எங்கள் திட்டம், ஆகவே நான் குச்சியை உயர்த்தி எண்ணினேன். ‘துரு’ தொடங்கியது, தரைக்கு அடியிலிருந்து!

அந்தக் காட்சியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிரியார் சிலுவைக்குறி போட்டார். தலைவர் மேஜைக்கு அடியில் போனார். ஊரே வாசலுக்கு ஓடியது. ஒருவர் மட்டும் ஓடவில்லை. லேபோசாவா அத்தை கைத்தடியை எடுத்து, பழக்கத்தில், பக்கத்துக் குழாயில் டங், டங், டங் என்று அடித்துக்கொண்டே கத்தினார்கள்: “செத்தும் அடங்க மாட்டீங்களாடி! தாளம் ஓடுது, மெதுவாப் போ!”

நான் மெதுவாகப் போனேன். சத்தியமாக, அன்றுதான் பாட்டு சரியாக வந்தது.

சிரித்தது போதும். வியன்னாவில் என் அம்மா துப்புரவு வேலை பார்க்கும் வீட்டுக்குத் தொலைபேசியில் செய்தி போயிருக்கிறது. போட்டது போட்டபடி பேருந்து ஏறியிருக்கிறாள். பாதி வழியில், ஹங்கேரியில், நான் உயிரோடு இருப்பது தெரிந்துவிட்டது. திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. “அறையணும்னுதான் வந்தேன்” என்றாள். அறைந்தாள். பிறகு என்னைப் பிடித்த பிடியை ஒரு நாள் முழுக்க விடவில்லை. அம்மா, அந்தப் பாதி வழியில் நீ பட்ட பாட்டுக்கு நான் எதைக் கொடுத்தாலும் ஈடாகாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் உயிரோடு வந்ததும் என்ன நடந்தது? அமர கீதம் மறுபடி இரைச்சல் ஆனது. கலைஞர்கள் மறுபடி காலிகள் ஆனோம். செத்தவர்களுக்கென்று இரட்டைப்படையில் பூ வாங்கிய கைகள், இன்று உயிரோடு இருப்பவர்களுக்கென்று ஒற்றைப்படையில் ஒரு பூ வாங்க மறுக்கின்றன. இந்த விருந்து முடிந்ததும் தலைவர் ஓர் அறிவிப்பு செய்யப்போகிறார். நிலவறை மறைந்த கலைஞர்களுக்கு அளிக்கப்பட்டதாம், மறையாதவர்களுக்கு அது பொருந்தாதாம். அங்கே மிளகாய்த் திருவிழாவுக்கான ஊறுகாய்ப் புட்டிகளை அடுக்கப்போகிறார்களாம். காரணம் கேட்டால், குடியிருப்பவர் ஒருவரின் புகார் இருக்கிறதாம்.

தலைவர் அவர்களே, நாங்கள் செய்த குற்றம் என்ன? பாடியது குற்றமா? பாடுபட்டது குற்றமா? உங்கள் கண்ணீர் காய்வதற்குள் கண் முன்னே வந்து நின்றது குற்றமா? செத்தால் மண்டபம், வாழ்ந்தால் மண்ணாங்கட்டியா? செத்தவனுக்குச் சிலை, இருப்பவனுக்குச் சிடுசிடுப்பா? இந்த ஊரில் ஒரு நல்ல வார்த்தை வாங்க எத்தனை பேர் இன்னும் சாக வேண்டும்? அந்த நிலவறை போனால் எங்களுக்கு வேறு இடம் இல்லை. இடம் இல்லையென்றால் குழு இல்லை. அப்போது ஷிவோயின் அண்ணன் எங்களுக்கு நிஜமாகவே நோட்டீஸ் ஒட்டலாம்.

என்ன அத்தை? ஏன் எழுந்திருக்கிறீர்கள்? ஆம், புகார் கொடுத்தவர்கள் அவர்கள்தான், ஊருக்கே தெரியும். பேசட்டும், விடுங்கள். என்ன சொல்கிறார்கள் என்று பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், நான் அப்படியே திருப்பிச் சொல்கிறேன்:

“மிலுடின், ஒக்காரு. அன்னிக்கு காலைல அந்த நோட்டீஸப் பாத்துட்டு வீட்டுக்கு வந்தேன். கரண்டி கையில இருந்துச்சு. கீழ ஒரு சத்தமும் இல்ல. அடிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. அப்படியொரு அமைதிய நான் இந்த வயசுல இன்னொரு தடவ தாங்க மாட்டேன். புகாரு இருக்கட்டும், அத வாபஸ் வாங்க மாட்டேன். ஆனா இவங்களும் கீழதான் இருக்கணும். இவங்க போயிட்டா நான் யாரத் திட்டறது, ஊறுகாய்ப் புட்டியவா?”

எழுதிக்கொண்டு வந்த முடிவுரை இனி தேவையில்லை. தலைவர் தலையை ஆட்டுகிறார். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா? மேலும் கீழும்தான்! எல்லோரும் பார்த்தீர்கள், சாட்சி நீங்கள்!

அழுதவர்களுக்கு நன்றி, ஓடியவர்களுக்கும் நன்றி. ஆட்டுக்கறி ஆறுவதற்குள், நீங்கள் ஒருவரும் இன்னும் முழுதாகக் கேட்டிராத அமர கீதத்தை ஒரு முறை கேட்டுவிட்டுப் போங்கள். இரட்டையர்களே, கிட்டாரை எடுங்கள். டிஹோமிர், மாத்திரையை வைத்துவிட்டு மைக்கைப் பிடி. அத்தை, குழாய்ப் பக்கம் வாருங்கள். கைத்தடி வேண்டாம், கரண்டி எடுத்து வந்திருக்கிறீர்களா? பையிலேயே இருக்கிறதா! அப்படியானால் நான் எண்ணவில்லை, நீங்களே தொடங்குங்கள். உயிரோடு இருக்கும் எல்லோருக்கும் என் வணக்கம்.