மூன்று நீல மாடுகள்

சென்ற வியாழக்கிழமை காலை 8.20க்குச் செங்கல்பட்டில் கிளம்பிய மின்ரயிலில், எதிர் இருக்கைக்காரர் தன் மனைவியின் மடியிலிருந்த படத்தைக் காட்டிச் சொன்னார்: "நாம பொங்கலுக்குக் கொம்புக்கு நீலம் அடிக்கிறோம். இவன் டப்பா மீந்துபோச்சுன்னு மாட்டுக்கே அடிச்சிட்டாம்மே."

"சிரிக்க வெக்காதய்யா. படிச்சதெல்லாம் மறந்துடும்."

அந்தப் பெண்ணுக்குப் பத்து மணிக்கு ஒரு பள்ளியில் மாதிரி வகுப்பு. தேறினால் ஓவிய ஆசிரியை வேலை. மடியில் நூறாண்டுக்கு முந்தைய ஐரோப்பிய ஓவியம் ஒன்றின் நகல்: சிவப்புக் குன்றுகள், முன்னால் மூன்று நீல மாடுகள். கணவர் மாணவனாகிக் கேள்வி கேட்டார்.

"டீச்சர், மூணும் ஏன் ஒரே பக்கமா கழுத்த வளைச்சினு கீது?"

"குன்றின் வளைவோடு கழுத்தின் வளைவும் இசைகிறது" என்று குறிப்பேட்டிலிருந்து படித்தார்.

"தொட்டில தண்ணி ஊத்துற சத்தம் கேட்டிருக்கும் டீச்சர். சரி, நீலம் இன்னாத்துக்கு?"

"நீலம் ஆன்மிகத்தின் குறியீடு."

"அப்டீன்னா?"

பக்கங்களைப் புரட்டினார். பதில் அதில் இல்லை. பிறகு திடீரென்று, "நீ ஏன்யா கொம்புக்கு அடிக்கிற?" என்றார்.

"அன்னிக்கு அது மாடா? சாமிமே. தெனம் அதட்டுற மாட்டயே அன்னிக்கு விழுந்து கும்புடுறோம்ல."

"யோவ், இதான்யா அது!" குறிப்பேட்டை மூடிப் பைக்குள் திணித்தார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

கூடுவாஞ்சேரியில் மனைவி மட்டும் இறங்கினார். கணவர் எழுந்து ஜன்னல் வழியே கத்தினார்: "டீச்சர், மாடு ஏன் நீலம்?"

"அந்தப் படத்துல தெனமும் மாட்டுப் பொங்கல்டா. உக்காரு!"

கணவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.