சங்கிலி போட்ட பாதை

ஹலோ... ஹலோ... கேட்டாப்பா? காட்டு வாசல்ல இருக்குற கேட்டுதானே?... நான் மெதுவாத்தான் பேசுவேன், காத நல்லா வச்சுக் கேளு. யானை நிக்குது... ஆமா, யானை. காருக்கு முன்னால. இந்த வயசுல உனக்குப் போன் போட்டு விளையாடவா போறேன்?

உன் நம்பரா... நீங்க குடுத்த சீட்டுக்குப் பின்னால போட்டிருக்கு... ஆமாமா, வெள்ளைக் காரு. மூணு மணிக்கு உள்ள விட்டீங்க. நான், என் மக, மாப்பிள்ள, மூணே பேரு... அதான், தண்ணி பாட்டில எண்ணி எழுதினப்ப உன்கிட்ட மல்லுக்கு நின்னேனே, அந்தக் கிழவன்தான். இப்ப அதுவா பேச்சு?

இல்ல... கார் நிக்குது. இஞ்சின் ஓடல. கண்ணாடியெல்லாம் ஏத்தியாச்சு. நானும் மகளும் உள்ள இருக்கோம்... மாப்பிள்ள உள்ள இல்ல.

இறங்கிட்டாரு... இறங்கக் கூடாதுன்னு தெரியும்பா. போர்டுல படம் போட்டு வச்சிருக்கீங்க, எழுத்து தெரியாதவனுக்கும் புரியும். இறங்கிட்டாரு, இப்ப என்ன பண்ணச் சொல்ற? ரோட்டுல ஒரு மரம் விழுந்து கெடந்துச்சு. அத இழுத்துப் போடப் போனாரு. நாலு முழம் இழுத்திருப்பாரு, மேட்டுல இருந்த மூங்கில் அப்படியே பிளந்துச்சு. யானை வந்து நடுவுல நின்னுடுச்சு. காரு இந்தப் பக்கம், அவரு அந்தப் பக்கம்.

இருக்காரு... இருக்காருன்னுதான் நெனைக்கிறேன். ரோட்டுக்கு அடியில தண்ணி போறதுக்கு ஒரு சிமெண்டு குழாய் இருக்குல்ல, அதுக்குள்ள பூந்துட்டாரு. பூந்ததக் கண்ணால பாத்தேன். ஒத்தச் செருப்பு ரோட்டுல கெடக்கு. அதுக்கப்புறம் ஒரு சத்தமும் இல்ல.

எங்கயா?... ஏரிக்குப் போற பாதைலதான்... ஆமா, நீங்க கைகாட்டி விட்ட பாதைதான். வேற எந்தப் பாதையில வருவோம்?

... ஒண்ணுமில்ல, பின்னால மக ஏதோ முனகுறா. நீ ஜீப்ப அனுப்பு... கல்லா? கிலோமீட்டர் கல்லெல்லாம் நான் பாக்கல... பறவை பாக்குற கோபுரமா? அதத் தாண்டி. தாண்டித்தான்... எவ்வளவுன்னா, கொஞ்ச தூரம்... ஜீப்பு அங்கதான் இருக்குதா? அப்ப சட்டுனு வரச் சொல்லு.

லைன்ல இருக்கேன். எங்க போகப் போறேன்.

காதா?... விரிச்சு வச்சிருக்கு. முன்னங்கால ஒண்ணத் தூக்கி ஆட்டுது. கீழ வைக்கல, மறுபடி ஆட்டுது... கொம்பு இல்ல, பொட்டைதான்... அது நல்லதா கெட்டதா?

இரு... கோபுரத்துகிட்ட ஜீப்பு வந்துடுச்சா?... காரக் காணோமா?... ஏரி வரைக்கும் போய்ப் பாத்துட்டாங்களா... இல்ல இல்ல, வைக்காத. வச்சுடாத. தம்பி, ஒரு நிமிஷம்.

நாங்க அங்க இல்ல.

... ஓடைப் பாதையில இருக்கோம்... ஆமா. சங்கிலி போட்டிருந்த பாதைதான்... சங்கிலி விழுந்து கெடக்கல. நான்தான் கழட்டினேன். பூட்டு இல்ல, சும்மா கொக்கியில மாட்டியிருந்துச்சு. நானே இறங்கிக் கழட்டினேன்.

பேசுங்க, திட்டுங்க. அதுக்கு முன்னால ஜீப்ப இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க.

... சொன்னீங்களா?... பதினஞ்சு நிமிஷமா. அவ்வளவு நேரமா... சரி. சரி சரி. தப்பு என்னோடதுதான், உங்க மேல ஏன் பாயுறேன்.

ஆமா, சொன்னீங்க. குட்டி போட்டிருக்கு, அந்தப் பக்கம் போகாதீங்கன்னு வாசல்லயே சொன்னீங்க. எனக்குத்தான் நம்பிக்கை வரல. பெரிய பெரிய ஆளுங்களுக்கு நல்ல பாதைய ஒதுக்கி வச்சிட்டு, நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் காஞ்ச ஏரியும் நாலு மானும் காட்டி அனுப்புறீங்கன்னு நெனச்சேன். முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் தம்பி. எந்தக் கேட்டுலயும் எவனும் என்கிட்ட உண்மை பேசுனதில்ல. அந்தப் புத்தி.

மாப்பிள்ள வேணாம்னுதான் சொன்னாரு. மரத்தப் பாத்ததும் திருப்பிடலாம் மாமான்னாரு. நான்தான்... ஒரு மரத்தப் பாத்துப் பயப்படுற ஆளுக்கா என் பொண்ணக் குடுத்தேன்னு கேட்டுட்டேன். அவ எதிர்லயே கேட்டேன். அவரு கதவத் தெறந்து இறங்கிட்டாரு.

குட்டியா?... இங்க குட்டி இல்லியே. பெருசு மட்டும்தான்... இருக்கணுமா? நல்லாப் பாக்கச் சொல்றீங்களா...

அம்மாடி, அந்தப் பக்கம் கண்ணாடி வழியாப் பாரு... மெதுவா. தலையக் காட்டாத.

... தம்பி. இருக்கு. இடது பக்கம், முன் சக்கரத்த ஒட்டி. வண்டி மறைச்சுதுல, என் கண்ணுல படல. காரத் தும்பிக்கையால தடவுது. டிக்கு டிக்குன்னு கேட்டதே, நான் இஞ்சின் சூடு ஆறுற சத்தம்னு இருந்தேன்.

அப்போ... அதுக்கும் குட்டிக்கும் நடுவுல நிக்குறது நாமதானா.

வண்டியப் பின்னால எடுக்கணுமா?... அவர விட்டுட்டா?... எவ்வளவு தூரம்?... நாப்பதடி. தம்பி, நான் பின்னால போனா அவரு அங்க தனியா... அது குழாய்க்குப் பக்கத்துல வந்துச்சுன்னா?... வராதுன்னு எப்படிச் சொல்றீங்க?... அதுக்குக் குட்டிதான் வேணுமா. குட்டி கிடைச்சா தண்ணிக்கு இறங்கிடுமா... நிச்சயமா?

... நிச்சயம்னு சொல்ல முடியாதா.

இல்ல, கோவம் இல்ல. நிச்சயம்னு சொல்லியிருந்தாத்தான் நம்பியிருக்க மாட்டேன்.

ஸ்டியரிங் பக்கம் மாறிட்டேன்... சாவி இதுலயே இருக்கு... இஞ்சின் போட மாட்டேன். பின்னால சரிவுதான், பிரேக்க விட்டா தானா இறங்கும். சாவியத் திருப்பினா ஸ்டியரிங் திரும்பும், போதும். மலை ரோட்டுல லோடோட இறக்கியிருக்கேன், இது என்ன...

அம்மாடி, கைய எடு... கைய எடும்மா. விட்டுட்டுப் போகல. கொஞ்சம் பின்னால போறேன், அவ்வளவுதான்... யானைக்கு வழி விடணுமாம். கேட்டுக்காரர் சொல்றாரு... சத்தியமா அவர்தான் சொல்றாரு... கதவத் தெறக்காத.

தம்பி, இவ விட மாட்டேங்குறா. ஹேண்ட்பிரேக்கப் புடிச்சுக்கிட்டிருக்கா. என் பேச்ச நம்ப மாட்டா. இப்பத்தானே அவ காதுபட உங்ககிட்ட பொய் சொன்னேன். நீங்க சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுறேன், மெதுவா. அவ பேரு வேணாம், அம்மான்னு கூப்பிட்டுச் சொல்லுங்க.

... ... ...

விட்டுட்டா. அழுதுக்கிட்டே விட்டுட்டா. போன அவ கையில குடுத்திருக்கேன், நீங்க பேசுறது எனக்குக் கேக்குது. சொல்லுங்க.

இப்பவா?... விடுறேன்... உருளுது. அஞ்சடி... பெருசு தலையத் திருப்பிடுச்சு. எங்களத்தான் பாக்குது... நிறுத்தவா?... நிறுத்த வேணாமா. சரி... உருளுது... குட்டி அங்கயே நிக்குது, கூட வரல. நல்லதா?... சரி... பத்தடி... ரெண்டடி முன்னால வச்சுடுச்சு தம்பி, எங்கள நோக்கித்தான்... உருட்டிக்கிட்டே இருக்கேன். கையெல்லாம் வேர்த்து வழுக்குது... இருபது இருக்கும்... தும்பிக்கையச் சுருட்டுது. தம்பி. தம்பி, சுருட்டுது...

... குட்டி ஓடிடுச்சு. அதோட வயித்துக்கு அடியில பூந்துடுச்சு.

காத மடக்கிட்டு மோந்து பாக்குது. குட்டிய மேலருந்து கீழ வரைக்கும் மோந்து பாக்குது... நிறுத்திட்டேன். நாப்பதுக்கு மேலயே வந்துட்டேன்.

நகருது. ஓடைக்குத்தான் இறங்குது... ஆனா குழாய் வாய்ப் பக்கமாத்தான் தம்பி இறங்குது. அதோட முதுகு மட்டும்தான் தெரியுது... நின்னுடுச்சு. குழாய்கிட்ட நின்னுடுச்சு. ஏன் நிக்குது?... தண்ணி குடிக்குமா? குடிக்கிறதுக்கு இவ்வளவு நேரமா?... அம்மாடி, கண்ண மூடிக்க. நான் பாத்துச் சொல்றேன்.

... ...

ஆட்டம் தெரியுது. அந்தக் கரையில மூங்கில் ஆடுது. ஏறிடுச்சு. ரெண்டும் ஏறிடுச்சு. காணோம்.

அவரு வரல தம்பி... கூப்பிடக் கூடாதா?... சரி, கூப்பிடல... கூப்பிடலைன்னு சொல்றேன்ல... எத்தன நிமிஷம் ஆச்சு?... மூணுதானா.

பின்னால சத்தம் கேக்குது. ஜீப்பு. உங்க ஆளுங்கதான், பச்ச சட்ட. எங்களத் தாண்டிப் போறாங்க... இறங்கிட்டாங்க. ஒருத்தர் குழாய்கிட்ட குனியுறாரு. கம்பால தட்டுறாரு... இன்னொரு தடவ தட்டுறாரு...

கை. கை வருது தம்பி. சேறு... வெளிய இழுக்குறாங்க. நிக்குறாரு. தானா நிக்குறாரு. என் மக போன என் மடியில போட்டுட்டு ஓடுறா. ஓடட்டும், உங்க ஆளுங்க பக்கத்துலதான் இருக்காங்க.

... என்கிட்டயா? இல்ல, எதுவும் பேசல. அவரு இந்தப் பக்கம் பாக்கவே இல்ல. முதுகத்தான் காட்டிக்கிட்டு நிக்குறாரு. என் மக அவரு சட்டைச் சேற வழிச்சு வழிச்சு விடுறா.

ரெண்டு பேரும் ஜீப்புல ஏறிட்டாங்க. ஜீப்பும் என் காரும் வாசல் பக்கம் திருப்பியாச்சு, பின்னாலயே வரச் சொல்லி உங்க ஆளு கை காட்டுறாரு... ஆமா, நான் மட்டும்தான் இதுல... ஓட்டுவேன், ஓட்டத் தெரியாமலா. ஆனா காலு பிரேக்க விட்டு வரல தம்பி. மிதிச்சபடியே நிக்குது.

ஜீப்பு வளைவுல திரும்பிடுச்சு... தெரியல. மூங்கில்தான் தெரியுது, ரெண்டு பக்கமும். இடது பக்கம் ஏதோ ஒடியுது... காத்தா? காத்துன்னா நீங்க சொல்றது... சரி, காத்துதான். நீங்க சொன்னா காத்துதான்.

வைக்காதீங்க தம்பி. வேலை இருக்கும், தெரியுது. இருந்தாலும் வைக்காதீங்க. வாசல் வர்ற வரைக்கும் ஏதாவது சொல்லிக்கிட்டே இருங்க. நீங்க சொல்ற மாதிரியே வரேன்... எடுத்துட்டேன், உருளுது... இங்க பாதை ரெண்டாப் பிரியுது, வலது பக்கம் ஒடிக்கணுமா, இல்ல நேராவா?... கேக்கல... தம்பி, விட்டு விட்டு வருது...

ஹலோ... வலதா, நேரா?... ஹலோ...