பேனரில் பாஸ், கணக்கில் இருபத்தொன்பது

விழாவுக்குத் தலைமையேற்று, வெயில் தாழ்ந்த பிறகும் விசிறியை விடாமல் வீற்றிருக்கும் எங்கள் ஊராட்சி மன்றத் தலைவர், அன்புக்கும் அதட்டலுக்கும் ஒருசேரப் பெயர்பெற்ற கிருஷ்ணவேணி அம்மையார் அவர்களே! கணக்கு என்னும் கடலைக் காட்டி, நான் கரையிலேயே கிளிஞ்சல் பொறுக்கிக்கொண்டிருந்ததைப் பொறுத்துக்கொண்ட கணித ஆசிரியை செண்பகம் அவர்களே! நாற்காலி போட்டு, நாலு ஊருக்குக் கேட்கும்படி ஒலிபெருக்கி கட்டி, இந்தப் பாராட்டு விழாவை நடத்தும் முல்லை இளைஞர் நற்பணி மன்றத் தலைவர், முயற்சியின் மறுபெயர், முன்கோபத்தின் முழுப்பெயர் வல்லரசு அண்ணன் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! பாய் விரித்துப் பட்டாணி கொறிக்கும் தாய்மார்களே! பைக்கை விட்டு இறங்காமலேயே பண்பாடு காக்கும் பின்வரிசை அண்ணன்மார்களே! சாப்பாடு எப்போது என்று வாயால் கேட்காமல் கண்ணால் கேட்டுக்கொண்டிருக்கும் கண்மணிகளே! உங்கள் அனைவருக்கும் இசைவாணியின் பணிவான வணக்கம்!

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். இன்னும் ஐந்து நிமிடத்தில் தட்டுவீர்களோ, திட்டுவீர்களோ, யாரறிவார்?

என்னைத் தெரியாதவர்கள் இந்த ஊரில் இல்லை. திண்டிவனம் மார்க்கெட்டில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மூட்டை தூக்கும் சின்னக்கண்ணுவின் மகள் நான். அதோ, மூன்றாவது வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் என் அப்பா. ‘பாடங்கள் என்னை எப்படி வளர்த்தன?’ என்பது எனக்குத் தந்த தலைப்பு. ஐந்து பாடத்தைப் பற்றியும் பேசுவேன். அதற்கு முன் எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் இந்தப் பேனரை எல்லோரும் ஒருமுறை பாருங்கள்.

இருபது அடி நீளம்! பதினொரு வட்டங்கள்! பதினொரு முகங்கள்! நடுவில் மாட்டு வண்டிச் சக்கரம் அளவுக்குப் பெரிய வட்டத்தில் நான்! கீழே என்ன எழுதியிருக்கிறது? ‘பத்தாம் வகுப்புத் தேர்வில் வெற்றிவாகை சூடிய எங்கள் வீரத் திலகங்களே!’ இதை எப்போது அடித்தார்கள்? ரிசல்ட் வந்த பிறகா? இல்லை. ரிசல்ட் வருவதற்கு ஆறு நாள் முன்பு! ஏன் அண்ணே என்று நான் அன்றைக்கே கேட்டேன். வல்லரசு அண்ணன் சொன்னார்: “ரிசல்ட் அன்னிக்கு ஃபிளக்ஸ் கடையில நிக்கக்கூட எடம் இருக்காது. போன வருசம் மூணு நாள் கழிச்சிக் குடுத்தான், மானமே போச்சு. இந்தத் தபா ஜல்தியா அடிச்சி வெச்சிடலாம். நம்ம புள்ளைங்க ஃபெயிலாவுமா?”

எப்பேர்ப்பட்ட நம்பிக்கை! தேர்வுத் துறைக்கே இல்லாத தெளிவு! ரிசல்ட் வந்தது காலை ஒன்பது மணிக்கு. இன்று இங்கே கட்டியிருக்கும் இதே பேனர் அன்று பஸ் ஸ்டாப்பில் ஏறியது எட்டரை மணிக்கு. அரசாங்கம் அறிவிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே முடிவைத் தெரிந்துகொண்ட ஊர், உலகத்திலேயே நம் ஊர் ஒன்றுதான். அதற்குப் பிறகு யார் போனைப் பார்க்கப் போகிறார்கள்? பேனரிலேயே போட்டுவிட்டார்களே!

ஆனால் நான் போனைப் பார்த்தேன். தமிழ் தொண்ணூற்று மூன்று. ஆங்கிலம் ஐம்பத்தெட்டு. அறிவியல் அறுபத்தொன்று. சமூக அறிவியல் எழுபத்தைந்து. கணக்கு இருபத்தொன்பது. தேர்ச்சிக்கு வேண்டியது முப்பத்தைந்து. அவையோரே, ஆன்றோரே, இந்த மேடையில் மாலையோடு நிற்கும் இசைவாணி பத்தாம் வகுப்பில் தேறவில்லை. ஃபெயில்.

பொறுங்கள், பொறுங்கள். மைக் செட் அண்ணே, ஆஃப் பண்ணிடாதீங்க. வல்லரசு அண்ணன் கண்ணாலே ஜாடை காட்டுவது எனக்கும் தெரிகிறது. தாய்மார்களே, பட்டாணியைக் கீழே போடாதீர்கள், அது என்ன பாவம் செய்தது?

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. நான் சொல்லத்தான் ஓடினேன். ஆனால் பஸ் ஸ்டாப்பில் என் வட்ட முகத்தைப் பார்த்த அப்பா எனக்கு முன்னால் வீட்டுக்கு ஓடிவிட்டார். நான் தெருவுக்குள் நுழையும்போது லட்டு டப்பா ஐந்தாவது வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது. “எங்க பாப்பா பாஸாயிடுச்சு, எங்க வம்சத்துலயே மொத ஆளு!” என்று சொல்லி எனக்கே ஒரு லட்டு கொடுத்தார். வாயில் லட்டு இருக்கும்போது ஃபெயில் என்று எப்படிச் சொல்வது? விழுங்கினேன். லட்டையும் விழுங்கினேன், வார்த்தையையும் விழுங்கினேன். ஊரை வாயாலேயே வாங்கி விற்கிறவள் என்று பெயரெடுத்த நான், நாலு நாளாக என் வீட்டில் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் தவித்தேன்.

இன்றைக்கும் சொல்லாமல் தப்பித்திருப்பேன். ஆனால் நாளை மாலை ஐந்து மணியோடு துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாள் முடிகிறது. அப்பாவை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகவேண்டும். தவறினால் ஒரு வருடம் போச்சு, பதினொன்றாம் வகுப்பும் போச்சு. சற்றுமுன் மேடையேறும்போது செண்பகம் டீச்சர் என் காதோடு கேட்டார்: “அப்பாகிட்ட சொன்னியா, இல்லியா? ஒழுங்கா நீயே சொல்லிடு.” வீட்டில் தனியாகச் சொல்லத் தைரியம் இல்லை டீச்சர். எனக்கு மைக் இருந்தால்தான் தைரியம் வருகிறது. அதனால் இங்கே சொல்கிறேன். அப்பா, மன்னிச்சிடுங்க. நாளைக்கு என்கூட வாங்க.

அப்பா தலை நிமிரவில்லை. சரி. தலைப்பு மிச்சமிருக்கிறது, பேசிவிடுகிறேன்.

தமிழ்! தேனென்பேனா? தெளிவென்பேனா? திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை போய்ப் பேச்சுப்போட்டியில் எனக்குக் கோப்பை வாங்கித் தந்த தமிழ்! தமிழ் எனக்கு வாயைத் தந்தது. மூடத்தான் கற்றுத் தரவில்லை. எங்கே மேடை கிடைத்தாலும் ஏறினேன். எதைக் கொடுத்தாலும் மனப்பாடம் செய்தேன். அர்த்தம் தெரியாததையும் அடுக்கினேன், ஆரவாரம் வந்தது. அப்போது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. எல்லாப் பாடத்தையும் இப்படியே நெட்டுருப் போட்டு முடித்துவிடலாம் என்று நினைத்துவிட்டேன்.

அந்த நினைப்புக்கு முதல் அடி கொடுத்தது ஆங்கிலம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு வெள்ளைக்கார அம்மா முதுகில் மூட்டையோடு என்னிடம் வந்து, ஆரோவில்லுக்கு எந்தப் பஸ் என்று கேட்டார். கேட்டது புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால், எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆங்கிலம் லீவு லெட்டர்! பரபரவென்று வந்துவிட்டது: “ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஐ ரெக்வெஸ்ட் யூ டு கிராண்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்!” பாவம், அந்த அம்மா பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பையைத் திறந்து மாத்திரை எடுத்தார். தண்ணீர் பாட்டிலையும் நீட்டினார். சிரிக்காதீர்கள், நான் அந்த மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு கையைப் பிடித்துக் கூட்டிப்போய் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மனப்பாடம் எனக்கு மாத்திரை வாங்கித் தந்தது. வழி சொல்லியது என் கையும் காலும்தான்.

அறிவியலுக்கு வருவோம். நெம்புகோல் தத்துவம் படித்த அன்று மாலை மார்க்கெட்டுக்கு ஓடினேன். அப்பா ஒரு கடப்பாரையை அடியில் கொடுத்து, நகராத எடைமேடையை நகர்த்திக்கொண்டிருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்தி, “அப்பா, இதன் பெயர் நெம்புகோல். ஆதாரப் புள்ளி, திறன், பளு என்று மூன்று உண்டு” என்று முழங்கினேன். அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அப்பிடியா? இருவது வருசமா கடப்பாரைன்னுல்ல சொல்லிக்கினு இருந்தோம். சரி, இந்தா, நீ ஒரு கை புடி.” பிடித்தேன். எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை. எனக்குப் பெயர் தெரியும், தூக்கத் தெரியாது. அவருக்குத் தூக்கத் தெரியும், பெயர் தெரியாது. எங்கள் இருவரில் யாருக்கு அறிவியல் தெரியும்? நீங்களே சொல்லுங்கள். ஆமாம் பெரியம்மா, எங்க அப்பாவுக்குத்தான்.

சமூக அறிவியல் எனக்குக் கேள்வி கேட்கக் கற்றுத்தந்தது. கிராம சபையில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று புத்தகத்தில் இருந்தது. கேட்டேன்! தண்ணீர்த் தொட்டியை ஏன் இன்னும் கழுவவில்லை என்று இதே கிருஷ்ணவேணி அம்மையாரைக் கேட்டேன். அவர், “நீ யார் வூட்டுப் பொண்ணு? இந்த வாய் பேசுற?” என்றார். ஆனால் பதினைந்து நாளில் தொட்டியைக் கழுவினார்களா, இல்லையா? கழுவினார்கள். அம்மையார் தலையாட்டுகிறார், நன்றி.

ஊராட்சித் தலைவரையே கேள்வி கேட்டவள் நான். ஆனால் அவையோரே, செண்பகம் டீச்சரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறேனா? ஒரு வருடம் முழுக்கக் கேட்கவில்லை. இப்போது நான் பெரிய தப்பைச் சொல்லப் போகிறேன். ஃபெயிலானது சின்னத் தப்பு.

நம் பள்ளிக்கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கு ஒன்றைப் போட்டு முடித்ததும் டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பி, “புரிஞ்சுதா?” என்பார். உடனே வகுப்பே ஒரே ராகத்தில், “புரிஞ்சு… து… டீச்சர்!” என்று பாடும். இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் பாடியவர்கள்தான், முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். எங்கள் வகுப்பில் அந்தப் பாட்டைத் தொடங்கிவைக்கிறவள் யார்? விழுப்புரம் வரை போய்க் கோப்பை வாங்கிய தொண்டை யாருடையது? என்னுடையது! டீச்சருக்கே ஒருநாள் சந்தேகம் வந்து, “இசைவாணி, நெசமாவே புரிஞ்சுதா?” என்றார். “தெள்ளத் தெளிவாகப் புரிந்தது டீச்சர்” என்றேன். என் குரலின் கம்பீரத்தைக் கேட்டு அவர் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.

எனக்கு என்ன புரிந்தது? ஒன்றும் புரியவில்லை. கைடில் இருந்த கணக்குகளை எண்களோடு அப்படியே மனப்பாடம் செய்தேன். தேர்வில் கோபுரத்தின் உயரத்தைக் கேட்டார்கள். கண்ணை மூடி, கைடில் இருந்த கோபுரத்தை ஒரு எண் பிசகாமல் எழுதிவிட்டு வந்தேன். அவர்கள் கேட்டது வேறு கோபுரம். நான் கட்டியது வேறு கோபுரம்.

என் பிழைப்பு மட்டும் கெட்டிருந்தால் பரவாயில்லை. இந்தப் பேனரில் எனக்கு வலப்பக்க வட்டத்தில் சிரிப்பவன் கோபி. அவனும் கணக்கில் ஃபெயில், முப்பத்தொன்று. என்னைவிட இரண்டு கூட. அவன் அன்று மாலையே வீட்டில் உண்மையைச் சொல்லி, நாலு அறையும் வாங்கிக்கொண்டான். என்னைவிட ஆயிரம் மடங்கு வீரன். இப்போது துணைத்தேர்வே வேண்டாம், திங்கட்கிழமையிலிருந்து வானூர் பக்கம் கட்டடத்துக்குப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறேன் என்கிறான். வகுப்பில் ஒருநாள் நான் “புரிஞ்சுது” என்று முழங்கியபோது, எனக்குப் பின்னால் இந்தக் கோபி பாதி கையைத் தூக்கினான். நான் திரும்பி, “கைய எறக்குடா, பெல் அடிக்கப் போவுது” என்றேன். இறக்கிவிட்டான். அதற்குப் பிறகு அவன் கையைத் தூக்கவே இல்லை. கோபி, பைக் மேல உக்காந்துக்கினு தரையப் பாக்காதடா, என்னைப் பாரு. உனக்குப் புரியாததற்குக் காரணம் உன் மூளை இல்லை. என் சத்தம்.

செண்பகம் டீச்சர், ஒரு வருடத்துக் கடனை ஊர் முன்னால் தீர்க்கிறேன். முக்கோணவியல் புரியல டீச்சர்! வர்க்கமூலம் புரியல டீச்சர்! அதுக்கு முன்னாடி ஏழாவதுல நடத்துன பின்னமே புரியல டீச்சர்! மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஏன் சண்டை போட்டுக்கொள்கின்றன என்று எனக்கு இன்றுவரை தெரியாது! ஏன் டீச்சர் கண்ணைத் துடைக்கிறீங்க? சிரிப்பா, அழுகையா? ரெண்டுமா?

ஒரு நிமிடம். அப்பா எழுந்து நிற்கிறார். மைக்கை நீட்டினால் வேண்டாம் என்கிறார். சொல்லுங்கப்பா… ம்… ம்… ஐயையோ!

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. அப்பா சொன்னதை அப்படியே சொல்கிறேன்: “எனக்கு அன்னிக்குப் பத்து மணிக்கே தெரியும் பாப்பா. இஸ்கூல்ல குடுத்த போன் நம்பரு என்னுதுதான? மெசேஜ் வந்துச்சு. அதுக்குள்ள தெருவுக்கே லட்டு குடுத்துட்டேன். குடுத்தத வாயிலிருந்து புடுங்கவா முடியும்? ஊருக்கு எப்பிடிச் சொல்றதுன்னு எனக்கும் பேஜாராப் போச்சு. நீ சொல்லுவன்னு நான் பாத்துக்கினு இருந்தேன். நாளைக்கு லோடுக்குப் போவல. காலையில பள்ளிக்கூடம் போறோம். எவனாவது லட்டப் பத்திக் கேட்டா நான் பேசிக்கிறேன்.”

கேட்டீர்களா? ஒரே வீடு, ஒரே இருபத்தொன்பது. அதை அவர் எனக்குத் தெரியாமலும் நான் அவருக்குத் தெரியாமலும் நாலு நாள் ஒளித்து வைத்திருக்கிறோம்! இப்பேர்ப்பட்ட அப்பாவுக்கு இப்பேர்ப்பட்ட மகள்தானே பிறப்பாள்? அப்பா, உட்காருங்க. இல்லை, நில்லுங்க. உங்களைப் பார்த்துக்கொண்டே முடிக்கிறேன்.

நாளைக் காலை ஏழு ஐம்பதுக்கு டவுன் பஸ். பேனரில் இருப்பவர்களில் எனக்கும் கோபிக்கும் துணையாக இன்னும் யாராவது இருந்தால், வெட்கப்படாமல் வந்து ஏறுங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அப்பாவும் கோபியும்தான் டிக்கெட் எடுக்கவேண்டும். டேய், வர்றியா? வாயால சொல்லலன்னா பரவாயில்ல. பைக்கிலிருந்து இறங்குகிறான். போகிறானா, வருகிறானா? தாய்மார்களே, கொஞ்சம் வழிவிடுங்கள். கையைத் தூக்குகிறான். பாதி இல்லை, முழுக்கையும் தூக்கிவிட்டான்! இறக்காதடா. இந்தத் தடவை யார் சொன்னாலும் இறக்காதே.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், திட்டாமல் விட்ட தாய்மார்க்கும், கடைசிவரை மைக்கை அணைக்காத அண்ணனுக்கும், இன்னும் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் வல்லரசு அண்ணனுக்கும் இந்த வாயாடியின் நெஞ்சார்ந்த நன்றியும் வணக்கமும். நான் இத்தோடு வாயை மூடிக்கொள்கிறேன். டீச்சர், அங்கே பாருங்கள், கோபிக்கு ஒரு சந்தேகமாம்.