நிரந்தர முகவரி

எனக்குத் தட்டச்சு நன்றாக வரும். பதினேழு வயதில் ஒரு கோடை விடுமுறையில் கற்றுக்கொண்டது. கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்த இருபத்தெட்டு வருடங்களில் துறையின் கேள்வித்தாள், சுற்றறிக்கை, பிரிவு உபசார மடல் எல்லாம் என் கையால்தான் போயின. பக்கத்துக்கு ஒரு பிழைகூட இருக்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை. உங்கள் விசாரணைக் குழுவின் அறிக்கையில், பதினோராம் பக்கத்தில், 'முகவரிச் சீட்டைத் தட்டச்சு செய்ததில் ஆய்வாளரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை' என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் திருத்துவதற்காகவே இந்தக் கடிதம்.

உறையில் ஒட்டிய அந்தச் சீட்டில் பிழை எதுவும் இல்லை. உங்கள் அறிக்கையில் பதினாறு இருக்கின்றன. தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

அறிக்கை என் மனைவியின் பெயருக்குத்தான் வந்தது. நான் பிரித்துப் படித்தேன். கணவன் மனைவிக்குள் அது சாதாரணம்.

அவள் எண்ணூறு பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியின் முதல்வர். உங்கள் பல்கலைக்கழகத்தில் கல்வித் தலைமைத்துவத்தில் தொழில்முறை முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது. தொழில்முறை முனைவர் என்றால் என்னவென்று விசாரித்தேன். வேலையை விடாமல், சனி ஞாயிறில் வகுப்புக்குப் போய், தான் வேலை பார்க்கும் இடத்தையே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்குவதாம். ஆவணக் காப்பகத்தில் தூசி தின்ன வேண்டாம். கூட வேலை செய்கிறவர்களை உட்காரவைத்து, 'உங்களுக்கு எப்படி இருந்தது?' என்று கேட்டால் போதும். அவர்கள் சொல்வதற்குத் தரவு என்று பெயர்.

அவளோடு படித்தவர்கள் பன்னிரண்டு பேர். தலைமையாசிரியர்கள், ஒரு செவிலியர் கல்லூரி முதல்வர், ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த ஒரு கல்வி அதிகாரி. மாதம் ஒருமுறை எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மஞ்சள் சீட்டுகளில் ஆளுக்கொரு சொல் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டுவார்கள். நம்பிக்கை. செவிமடுத்தல். பகிர்தல். ஒருமுறை மின்விசிறிக் காற்றில் 'பகிர்தல்' பறந்துவந்து என் காபியில் விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு காபி நானே போட்டுக்கொண்டேன்.

உண்மையான ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பழைய துறைமுகத்தின் சுங்கப் பதிவேடுகளைப் பற்றி ஐந்து அத்தியாயம் எழுதியிருக்கிறேன். அலமாரியின் மேல்தட்டில் துணியில் சுற்றி இருக்கிறது. ஆறாவதுக்கு இன்னும் சில பதிவேடுகளைப் பார்க்க வேண்டியிருந்தது. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. இருபத்திரண்டு வருடங்களாகக் கல்லூரியில் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'அஞ்சு அத்தியாயம்' என்று பெயர். 'அஞ்சு அத்தியாயம் வர்றார், நகருங்கப்பா.' இது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு. வாயாடி. ஒருநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"அப்பா, அம்மா டாக்டராயிட்டா கேட்ல இருக்கற போர்டை மாத்தணும். டாக்டரம்மா மேல, நீங்க கீழ."

"ஏய், சும்மா இருடி," என்றாள் என் மனைவி.

"ஏன், நியாயத்தைத்தானே சொல்றேன்? இல்லன்னா அப்பாவுக்கு அஞ்சு அத்தியாயத்துக்கு அஞ்சு ஸ்டார் போட்டுடலாம், ஹோட்டல் மாதிரி."

அவளுக்கு அந்தப் பெயர் எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. தாய்தான் அதட்டினாள். "அப்பா இல்லேன்னா இந்தப் படிப்பே எனக்கு ஏது? ராப்பகலா டைப் பண்ணிக் குடுக்கறார்." சொல்லிவிட்டு என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

ஆமாம், அந்த வேலையை நான்தான் செய்தேன். அவளுடைய ஆய்வு, பள்ளித் தலைமையின் மேல் ஆசிரியருக்கு நம்பிக்கை எப்படி உண்டாகிறது என்பது. தன் பள்ளி ஆசிரியர்கள் எட்டுப் பேரிடம் தனித்தனியே பேசிப் பதிவு செய்தாள். அந்தப் பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது என் பொறுப்பு. பெயர்கள் வராது. ஒன்றாம் எண், இரண்டாம் எண் என்று எட்டு வரை. இரகசியம் காப்பேன் என்று உங்கள் படிவத்தில் நானும் கையெழுத்திட்டேன். அந்தப் படிவத்திலும் ஒரு பிழை இருந்தது.

ஏழு பேர் பேசியது வெறும் சோப்பு நுரை. மேடம் அருமை, மேடம் தங்கம். ஐந்தாம் எண் மட்டும் வேறு. பள்ளியில் அவளைக் கணக்கு டீச்சர் என்பார்கள். முப்பது வயதிருக்கும். ஒருமுறை வீட்டுக்கு வந்திருக்கிறாள், ஆறு வயதுப் பெண் குழந்தையோடு. அந்தக் குழந்தை என் தட்டச்சைப் பார்த்து, "தாத்தா, நீங்க பியானோவா வாசிக்கறீங்க?" என்று கேட்டது. தாத்தா என்று கூப்பிடும் வயதில்லை எனக்கு.

அவள் பேசியதை மூன்று முறை கேட்டேன். அதனால் ஏறக்குறைய மனப்பாடம்.

"நம்பிக்கைன்னா என்னன்னு கேக்கறீங்க, மேடம். நான் ஒரு பையும் குழந்தையுமா வந்து நின்னேன். ஏன் வந்தேன்னு நீங்க ஒரு கேள்வி கேக்கல. கழுத்தைப் பார்த்தீங்க, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டீங்க. மறுநாள் வேலை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, இன்ன மாதிரி ஒரு ஆள் வந்தா கேட்டைத் திறக்கக் கூடாதுன்னீங்க. பள்ளி மலர்ல என் போட்டோவே போடல. எல்லாரும் கேட்டாங்க, உங்க போட்டோ மட்டும் ஏன் இல்லைன்னு. மேடத்துக்கு என் மூஞ்சி பிடிக்கலைன்னு சொன்னேன்." இங்கே சிரிப்பு. "மூணு வருஷமா எங்க இருக்கேன்னு அந்த ஆளுக்குத் தெரியாது. அவ்வளவுதான் மேடம். இதை எந்தத் தியரியில சேர்ப்பீங்களோ."

அதன்பிறகு நாலு நிமிடம் அழுகை. இரண்டு பேருடைய அழுகை. அடைப்புக்குறிக்குள் 'இடைவெளி' என்று போட்டேன்.

இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த ஐந்தாம் எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் உங்கள் நெறியாளர், 'இதுதான் உங்கள் ஆய்வின் இதயம்' என்று அவளுக்கு எழுதினார். அவள் அந்தக் கடிதத்தோடு என் அறைக்கு வந்தாள். முகம் கல்யாணப் பெண் முகம் மாதிரி இருந்தது. எதிரே உட்கார்ந்து மேல்தட்டைப் பார்த்தாள்.

"என்னங்க, தப்பா எடுத்துக்காதீங்க. என்னோடது முடிஞ்சதும் உங்களோடதையும் முடிச்சிடலாமே. ஒரு அத்தியாயம்தானே. நீங்க சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன்."

அவள் தட்டச்சு இரண்டு விரல் தட்டச்சு.

"பார்க்கலாம்" என்றேன். அவள் என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். பள்ளியில் கடைசி மதிப்பெண் வாங்கும் பையனை அப்படித்தான் தட்டிக்கொடுப்பாள். பார்த்திருக்கிறேன்.

உங்கள் முறைப்படி, எழுத்தாக்கிய பேச்சைப் பேசியவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். 'நான் சொன்னது இதுதான்' என்று அவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். நல்ல வழக்கம்தான். சுங்கப் பதிவேட்டில் செத்துப்போனவர்களிடம் அப்படிக் கேட்க முடியாது. அது விடுமுறைக் காலம், ஆசிரியர்கள் அவரவர் வீட்டில் இருந்தார்கள். அதனால் தபால், பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில் அவளுடைய ஒரு கடிதத்தோடு. பள்ளியின் பணியாளர் பட்டியலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"ஏழு பேருக்குத்தான் தபால். அஞ்சாம் நம்பரை நானே கையில குடுத்துக்கறேன். மறந்துடாதீங்க."

"மறக்கமாட்டேன்" என்றேன். மறக்கவும் இல்லை.

பட்டியலில் ஒவ்வொருவருக்கும் இரண்டு முகவரி உண்டு. தற்போதைய முகவரி, நிரந்தர முகவரி. ஏழு உறைகளில் தற்போதைய முகவரி போயிற்று. ஒன்றில் மட்டும் நிரந்தர முகவரி. சான்றிதழில் உள்ளபடி எழுத வேண்டும் என்ற விதியால் கணக்கு டீச்சர் வேலைக்குச் சேர்ந்த அன்று நிரப்பிய முகவரி அது. வேறு ஊர், அவள் விட்டுவந்த வீடு. கைதவறிய தட்டச்சு என்றால் எட்டும் ஒரே கட்டத்திலிருந்துதான் வந்திருக்கும். உங்கள் குழுவின் மூன்று பேராசிரியர்களுக்கு இது தோன்றவில்லை. என் முதலாண்டு மாணவனுக்குத் தோன்றியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. பட்டியலில் அந்த முகவரியின் அஞ்சல் குறியீட்டில் ஓர் எண் விட்டுப்போயிருந்தது. அப்படியே அனுப்பியிருந்தால் உறை திரும்பி வந்திருக்கும். நான் தபால் நிலையத்துக்கு நடந்துபோய், அவர்களுடைய புத்தகத்தில் பார்த்து, அந்த எண்ணைச் சேர்த்தேன். பக்கம் பதினொன்றில் நீங்கள் கவனக்குறைவு என்று எழுதியிருப்பது இந்தச் சீட்டைத்தான்.

அவள் ஐந்தாம் உறையைத் தேடினாள்.

"நீதானே எடுத்து வெச்சுக்கிட்டேன்னே?" என்றேன்.

"அப்படியா சொன்னேன்? எனக்கு மூளையே வேலை செய்யல போங்க" என்றாள். இன்னொரு பிரதி எடுத்து நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கணக்கு டீச்சர் கையெழுத்திட்டு, கீழே 'எல்லாம் சரி மேடம்' என்று எழுதியிருந்தாள்.

நான் என்ன எதிர்பார்த்தேன் என்று கேட்பீர்கள். அந்த ஆள் உறையைப் பிரிப்பான், பள்ளிக்கு வந்து கத்துவான், பல்கலைக்கழகத்துக்குப் புகார் போகும், இரகசியம் கசிந்தது என்று ஆய்வு ரத்தாகும். அவ்வளவுதான். அவள் இரண்டு மாதம் அழுதுவிட்டுப் பழையபடி ஆகியிருப்பாள். தவிர, ஒரு தகப்பனுக்குத் தன் குழந்தை எங்கே இருக்கிறது என்று தெரியப்படுத்துவது குற்றமாக எனக்குப் படவில்லை. அவன் எப்படிப்பட்டவன் என்பது ஒரு தரப்புச் சாட்சியம் மட்டுமே. வரலாற்றில் அதை ஏற்க மாட்டோம்.

பள்ளி திறந்த மூன்றாம் நாள், மாலை மூன்று நாற்பதுக்கு, பிள்ளைகள் வெளியே வரும் கூட்டத்தில் அவன் வந்தான். வாட்ச்மேன் புதியவர். கணக்கு டீச்சர் குழந்தையின் தண்ணீர்ப் புட்டியைக் கையில் வைத்திருந்தாளாம். என் மனைவி அறையிலிருந்து ஓடிவந்து வெறுங்கையால் கத்தியைப் பிடித்தாள். அவள் வலது உள்ளங்கையில் பதினான்கு தையல். கணக்கு டீச்சர் இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் இல்லை. அவன் பையில் உங்கள் பல்கலைக்கழக முத்திரை போட்ட உறை இருந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று என் மனைவி உங்களுக்கு எழுதிக்கொடுத்தாள். தலைமைத்துவம் என்றால் அதுதானாம். நீங்களும் மனம் இளகி, உள்நோக்கம் இல்லாத பிழை என்று முடிவெழுதி, அடுத்த வருடம் அவள் ஆய்வைச் சமர்ப்பிக்கலாம் என்று பரிந்துரைத்திருக்கிறீர்கள். ஒரு பெண் செத்திருக்கிறாள். அதை ஒரு பட்டத்தால் மூடப் பார்க்கிறீர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். உறையை வேண்டுமென்றே, முகவரி தெரிந்து, அனுப்பியது நான். இரகசியப் பதிவுகளைக் கணவனிடம் கொடுத்துத் தட்டச்சு செய்யவைத்த ஓர் ஆய்வாளருக்குப் பட்டம் கொடுக்கலாமா என்பதை உங்கள் விதிகளை வைத்து நீங்கள் மறுபடி யோசிக்க வேண்டும். விதி எண்களையும் இணைத்திருக்கிறேன். காவல் நிலையத்துக்கு ஒரு நகல் போகிறது. முகவரி சரியாக இருக்கும்.

என் மனைவியை இதில் அலைக்கழிக்க வேண்டாம். அவள் தன் அக்கா வீட்டில் ஓய்வெடுக்கிறாள். நாலு நாளில் வருவதாகச் சொல்லிப் போனாள், இது ஐந்தாவது மாதம். மகளும் அந்தக் குழந்தையும் அவளோடு. போகிற அன்று என் மேசை இழுப்பறையிலிருந்து, முகவரிச் சீட்டுகளை உரித்தெடுத்த வெற்றுத் தாளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். எட்டு இடமும் காலியாக இருந்த தாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், எண்ணுவதுபோல. குப்பை என்றுதான் எடுத்துப்போயிருப்பாள், வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறவள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கோபம் இருந்தால் சொல்லியிருப்பாள்.

நேற்று கேட்டில் உள்ள பலகையைத் துடைத்தேன். என் பெயருக்கு மேலே இடம் இருக்கிறது. அவள் திரும்பியதும் அவள் பெயரையும் போடலாம், பட்டம் இல்லாமல்.

இந்தக் கடிதத்தின் கீழே என் கையெழுத்துக்கு முன்னால் 'முனைவர்' என்று நான் போட்டுக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கல்லூரியில் எத்தனையோ பேர் முடிக்காமலேயே போட்டுக்கொண்டார்கள். நான் ஒருநாளும் போட்டதில்லை. தனக்கு உரிமையில்லாததைத் தொடுகிறவன் இல்லை நான்.